சிவப்பணுக்கள்: எண்ணிக்கையும் பருமனும்

முழு இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தவுடன் பெரும்பாலோரின் கண் ஹீமோகுளோபின் என்ற வரிக்கே செல்கிறது. அதற்கு அருகிலேயே ‘ஆர்.பி.சி. கவுண்ட்’ என்று அச்சாகியிருக்கும் சிவப்பணு எண்ணிக்கை, தடித்த எழுத்திலோ அம்புக்குறியுடனோ வராதவரை, படிக்கப்படாமலே போய்விடுகிறது. தனித்து நிற்கும்போது அந்த எண் அதிகம் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சிவப்பணுவின் பருமனைக் குறிக்கும் இன்னோர் எண்ணோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போது, ஹீமோகுளோபின் அளவு மட்டும் காட்டிக்கொடுக்காத செய்திகள் அதிலிருந்து கிடைக்கின்றன. இரத்தசோகை உள்ள ஒருவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதா, வேறு காரணத்தைத் தேடுவதா என்ற முடிவே சில வேளைகளில் இந்த ஒரு வரியைப் பொறுத்து மாறுகிறது.

எண்ணப்படும் பொருளைப் பற்றி முதலில் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமும், இரு பக்கமும் நடுவில் குழிந்த தட்டு வடிவமும் கொண்ட சிவப்பணு, எலும்பு மஜ்ஜையில் உருவாகி முதிரும்போது, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் தன்னை நிரப்பிக்கொண்டு, தன் உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது. உட்கரு இல்லாததால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள இயலாத அது, ஏறக்குறைய 120 நாள் உழைத்தபின் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் இருப்பதாகக் கொண்டால், அந்த இருப்பைக் குறையாமல் காக்க எலும்பு மஜ்ஜை நொடிக்கு 24 லட்சம் புதிய அணுக்களை உருவாக்கியாக வேண்டும். இந்த உற்பத்தியின் வேகத்தை முடிவு செய்வது சிறுநீரகம். தன்னிடம் வந்து சேரும் உயிர்வளி குறைவதை உணர்ந்ததும் அது எரித்ரோபாய்ட்டின் என்ற இயக்குநீரைச் சுரந்து மஜ்ஜையை முடுக்கிவிடுகிறது.

அறிக்கையில் காணப்படும் எண், உடலில் உள்ள சிவப்பணுக்களின் மொத்தத் தொகை அன்று. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதே அது. ‘4.8 மில்லியன்’ என்று இருந்தால் 48 லட்சம் என்று பொருள். ஆண்களுக்கு ஏறத்தாழ 45 முதல் 59 லட்சம் வரையும், பெண்களுக்கு 40 முதல் 52 லட்சம் வரையும் இயல்பான வீச்சாகக் கொள்ளப்படுகின்றன என்றாலும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவியும் முறையும் வேறுபடுவதால், அந்தந்த அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள எல்லைகளையே அந்த அறிக்கைக்குரிய அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஆண்களிடம் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதற்கு டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீர் மஜ்ஜையைத் தூண்டுவது முதன்மையான காரணம்; பெண்களின் மாதவிடாய் இழப்பும் இந்த வேறுபாட்டைக் கூட்டுகிறது.

இந்த எல்லைகள் எப்படிப் பிறந்தன என்பதை அறிந்தவர்கள் அம்புக்குறியைக் கண்டு எளிதில் அஞ்சமாட்டார்கள். நலமாக உள்ள பலரை அளந்து, அவர்களுள் நடுவில் அமையும் 95 விழுக்காட்டினரின் வீச்சை மட்டும் ‘இயல்பு’ என்று வரையறுப்பதே வழக்கம். ஆகவே எந்த நோயும் இல்லாதவர்களிலேயே இருபதில் ஒருவர் அந்த வேலிக்கு வெளியே நிற்பார். இருபது வரி கொண்ட ஓர் அறிக்கையில் ஏதேனும் ஒரு வரி சற்றே விலகியிருப்பது வியப்புக்குரியதன்று. 44 லட்சம் என்ற எண் பல ஆண்டுகளாக ஒருவருக்கு அப்படியே இருந்துவந்தால் அதில் கவலைப்பட ஏதுமில்லாமல் இருக்கலாம். சென்ற ஆண்டு 55 லட்சமாக இருந்தவருக்கு இவ்வாண்டு 46 லட்சம் என்று வந்தால், அது எல்லைக்குள்ளேயே இருந்தாலும் கேள்விக்குரியது. பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதன் பயன் இங்கேதான் உள்ளது.

எண்ணிக்கை என்பது செறிவைக் குறிப்பதால், அணுக்களின் தொகை மாறாமலே அது ஏறவும் இறங்கவும் கூடும் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கோடைவெயிலில் நெடுநேர உழைப்பு ஆகியவற்றால் உடலின் நீர் குறையும்போது, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சுருங்கி, எண்ணிக்கை உயர்ந்ததுபோல் தோன்றுகிறது. கருவுற்ற பெண்களிடம் இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது: சிவப்பணுக்களின் தொகை உண்மையில் கூடினாலும், பிளாஸ்மா அதைவிட அதிகமாக, ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுவதால், கணக்கில் எண்ணிக்கை குறைகிறது, கருவுற்ற பெண்களின் சோகைக்கு உலக சுகாதார நிறுவனம் மற்ற பெண்களுக்குரிய 12 கிராமைவிடக் குறைந்த ஹீமோகுளோபின் அளவை எல்லையாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம். படுத்திருப்பவரிடமும் நின்றிருப்பவரிடமும் எடுக்கும் இரத்தத்துக்கு இடையேகூடச் சிறு வேறுபாடு உண்டு. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான குழப்பம் விபத்தில் இரத்தம் இழந்தவரிடம் நேர்கிறது. அணுக்களும் பிளாஸ்மாவும் ஒரே விகிதத்தில் வெளியேறியிருப்பதால், முதல் சில மணிநேரத்தில் எடுத்த மாதிரி இயல்பான எண்ணிக்கையையே காட்டலாம். திசுக்களிலிருந்து நீர் இரத்தக்குழாய்களுக்குள் வந்து நிரம்பிய பின்னரே இழப்பு எண்ணில் தெரியத் தொடங்கும்.

சிவப்பணுக்களை எண்ணும் முயற்சிக்கு 170 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் பணியாற்றிய உடலியலாளர் கார்ல் ஃபியரோர்ட் 1852இல் முதன்முதலாக ஓர் எண்ணும் முறையை வெளியிட்டார்; ஒருமுறை எண்ணி முடிப்பதற்கே மணிக்கணக்காயிற்று. பிரான்சில் மலாசே, அயேம் ஆகியோரும் இங்கிலாந்தில் கவர்ஸும் 1870களில் அதை எளிமையாக்கினர். இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் நியூபாயர் கண்ணாடித் தகடு அந்த மரபில் வந்ததே: இரத்தத்தை 200 மடங்கு நீர்க்கச் செய்து, நுண்ணிய கட்டங்கள் கீறிய தகட்டில் ஊற்றி, குறிப்பிட்ட ஐந்து கட்டத் தொகுதிகளில் தெரியும் அணுக்களை எண்ணி, அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் எண்ணிக்கை கிடைத்துவிடும். கண்ணால் எண்ணப்படுபவை ஏறக்குறைய 500 அணுக்கள் மட்டுமே என்பதால், கை சிறிதும் பிசகாமல் எண்ணினாலும் தற்செயலான ஏற்ற இறக்கம் மட்டுமே 50 லட்சத்தை 45 லட்சமாகவோ 55 லட்சமாகவோ காட்டப் போதுமானது. நீர்க்கச் செய்வதில் நேரும் பிழை இதற்கு மேல் சேரும். சிவப்பணு எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளி ஹீமோகுளோபினை மட்டுமே நம்பும் பழக்கம் அந்தக் காலத்துக்கு முற்றிலும் பொருத்தமானதாகவே இருந்தது. இன்றும் அது தொடர்வதுதான் பொருத்தமில்லாதது.

நிலைமையை மாற்றியவர் அமெரிக்காவின் வாலஸ் கூல்ட்டர். 1953இல் காப்புரிமை பெற்ற அவரது முறையில், மின்கடத்தும் திரவத்தில் கலந்த அணுக்கள் நுண்ணிய துளை ஒன்றின் வழியே ஒவ்வொன்றாக உறிஞ்சப்படுகின்றன. சிவப்பணு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அது துளையைக் கடக்கும் கணத்தில் மின்தடை உயர்ந்து ஒரு துடிப்பு பதிவாகிறது. துடிப்புகளின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கையைத் தருகிறது. ஒவ்வொரு துடிப்பின் உயரமும் அந்த அணுவின் பருமனைத் தருகிறது. சில நொடிகளில் பல்லாயிரம் அணுக்கள் அளக்கப்பட்டுவிடுவதால், 500 அணுக்களை வைத்துச் செய்த கணக்கின் தடுமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எண்ணிக்கை, பருமன் என்ற இரு தகவலும் ஒரே அளவீட்டிலிருந்து கிடைக்கின்றன என்பது இம்முறையின் தனிச்சிறப்பு.

எண்ணிக்கையையும் பருமனையும் இணைத்துப் படிக்க வேண்டும் என்ற கருத்து இந்தக் கருவிக்கும் முந்தையது. மேக்ஸ்வெல் வின்ட்ரோப் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இலிருந்து வகுத்தளித்த குறியீடுகளே இன்றைய அறிக்கைகளிலும் தொடர்கின்றன. ஹீமேட்டோகிரிட் என்பது மொத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் விழுக்காடு. எம்.சி.வி. என்று அச்சாகும் சராசரிச் செல் பருமன், ஓர் அணுவின் பருமனை ஃபெம்டோலிட்டர் என்ற மிகச்சிறிய அலகில் சொல்கிறது. 80 முதல் 100 வரை இயல்பு. எம்.சி.எச். என்பது ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை. எம்.சி.எச்.சி. என்பது அணுக்களுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக அடைந்துள்ளது என்பதன் அளவு. ஆர்.டி.டபிள்யூ. அணுக்களின் பருமனில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறிக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால் இது 14.5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

இயல்பான பருமனுள்ள இரத்தத்தில் இவற்றுக்கிடையே ஓர் எளிய உறவு உண்டு. மில்லியனில் எழுதிய சிவப்பணு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ ஹீமோகுளோபின் கிடைக்கும்; ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமேட்டோகிரிட் கிடைக்கும். 4.8க்கு 14.4, அதற்கு 43 என்பது போல. ஆய்வகத்தில் பணிபுரிவோர் அறிக்கையில் கையெழுத்திடும் முன் மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பது இதுவே. கணக்கு பொருந்தாமல் போனால் ஒன்று கருவியில் பிழை இருக்க வேண்டும், அல்லது அணுக்களின் பருமன் இயல்பு மாறியிருக்க வேண்டும்.

பருமன் மாறிய நிலையில்தான் சிவப்பணு எண்ணிக்கை தன் முழுப் பயனையும் தருகிறது. ஹீமோகுளோபின் 10.4 கிராம் என்று காட்டும் இரண்டு அறிக்கைகளை எடுத்துக்கொண்டால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. முதல் அறிக்கையில் சிவப்பணு 42 லட்சம், பருமன் 76, ஆர்.டி.டபிள்யூ. 17.5, இரண்டாவதில் சிவப்பணு 56 லட்சம், பருமன் 60, ஆர்.டி.டபிள்யூ. 14.5. முதலாவதில் மூலப்பொருளான இரும்பு போதாமல் அணுக்களின் உற்பத்தி தளர்ந்திருக்கிறது. இரும்பு ஓரளவு இருந்த நாளில் பிறந்த அணுக்களும் பற்றாக்குறை நாளில் பிறந்த அணுக்களும் கலந்து கிடப்பதால் பருமனில் ஏற்றத்தாழ்வு மிகுந்திருக்கிறது. இரண்டாவதில் மஜ்ஜை சோர்ந்துவிடவில்லை; இயல்பைவிட அதிகமாகவே அணுக்களை உருவாக்குகிறது. ஆனால் ஹீமோகுளோபினைக் கட்டும் குளோபின் சங்கிலிகளுள் ஒருவகை, பிறப்பிலேயே அமைந்த மரபணு மாற்றத்தால் குறைவாகத் தயாராவதால், ஒவ்வோர் அணுவும் சிறியதாகவும், ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிச் சிறியதாகவும் வெளிவருகிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களின் இரத்தம் பெரும்பாலும் இப்படித்தான் தோற்றமளிக்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய, மெண்ட்சர் என்ற மருத்துவர் 1973இல் ஓர் எளிய வகுத்தலை முன்மொழிந்தார்: சராசரிச் செல் பருமனை, மில்லியனில் எழுதிய சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், 13க்குக் குறைந்தால் தலசீமியா சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு கூடுதல், 13ஐத் தாண்டினால் இரும்புக் குறைபாட்டின் வாய்ப்பு கூடுதல். மேற்கண்ட முதல் அறிக்கைக்கு விடை 18, இரண்டாவதற்கு 10.7. செலவே இல்லாத சோதனை இது. ஆயினும் இது ஓர் ஐயத்தை எழுப்புவதற்குரிய கருவியே தவிர, நோயை உறுதிப்படுத்துவதற்குரியதன்று. ஒரே உடலில் இரும்புக் குறைபாடும் தலசீமியா மரபணுவும் சேர்ந்திருப்பது அரிதில்லை. அப்போது எண்கள் நடுவில் வந்து நின்று ஏமாற்றும். இரும்பின் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் சோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையுமே முடிவைத் தரவல்லவை. பின்னதில் ‘ஏ2’ என்ற வகை 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் அவர் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்று கொள்ளலாம். கடும் இரும்புக் குறைபாடு இந்த ஏ2 அளவையும் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், குறைபாட்டைச் சரிசெய்த பின் மறுபடி சோதிக்க வேண்டிய தேவையும் சிலருக்கு எழுகிறது.

இந்தியாவில் இந்த வேறுபாட்டுக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. இத்தனை பேருக்குச் சோகை இருக்கும் நாட்டில் இரும்பு மாத்திரையை முதல் மருந்தாகக் கொடுப்பது தவறன்று. ஆனால் மாத்திரை பலிக்காதபோது அளவைக் கூட்டுவதும், பிராண்டை மாற்றுவதும், ஊசிக்குத் தாவுவதுமாக ஆண்டுகள் கழியும் நிலையில், முதல் அறிக்கையிலேயே இருந்த 56 லட்சம் என்ற எண்ணை ஒருவரும் பார்க்காமல் விட்டிருப்பது மன்னிக்கத்தக்க கவனக்குறைவாகத் தோன்றவில்லை. மரபணுவைச் சுமப்பவருக்கு அதனால் பெரிய உடல்நலக் கேடு ஏதுமில்லை. ஆனால் கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிய கடும் தலசீமியாவுடன் குழந்தை பிறக்கக்கூடும்.

எண்ணிக்கையால் காண இயலாத மரபுக்கோளாறும் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் கண்டறிந்து வெளியிட்டனர்; அந்த மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரின் சிவப்பணு எண்ணிக்கையும் பருமனும் பொதுவாக இயல்பாகவே இருக்குமாதலால், அதற்கெனத் தனிச் சோதனை செய்யாமல் அறிய முடியாது.

சிறுத்த அணுக்களுக்கு எதிர்த்திசையில் நிற்பவை பெருத்த அணுக்கள். ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12ஓ குறையும்போது, மஜ்ஜையில் டி.என்.ஏ. உருவாவது தாமதப்பட்டு, அணுக்கள் பிரிவதற்கு முன்பே பருத்துவிடுகின்றன. எண்ணிக்கை வெகுவாகச் சரிகிறது. சிவப்பணு 22 லட்சம், பருமன் 115, ஹீமோகுளோபின் 8.4 என்பது இத்தகைய அறிக்கையின் தோற்றம்: அணுக்களின் தொகை பாதியாகிவிட்டபோதிலும், ஒவ்வோர் அணுவும் கூடுதல் சுமை தாங்குவதால் ஹீமோகுளோபின் அந்த அளவுக்கு வீழ்ந்ததாகத் தெரிவதில்லை. இந்தச் சோகையின் வரலாற்றில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்த நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கருவுற்ற பெண்களைத் தாக்கிய பெருஞ்செல் சோகையை ஆராய்ந்து, மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது. புலாலும் பாலும் முட்டையும் முற்றாகவோ பெரும்பாலுமோ தவிர்ப்பவர்களிடம் பி12 குறைபாடே முதலில் ஐயுறத்தக்கது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பதால், காரணத்தை அறியாமல் ‘சத்து மாத்திரை’ வாங்கி விழுங்குவது ஆபத்தானது. மது, ஈரல் நோய், தைராய்டு குறைபாடு ஆகியவையும் அணுக்களைப் பருக்கச் செய்யும்.

பருமன் இயல்பாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால், எரித்ரோபாய்ட்டின் சுரக்க இயலாத நாள்பட்ட சிறுநீரக நோயும், நெடுநாள் தொற்றும் அழற்சியும், அண்மையில் நேர்ந்த இரத்த இழப்பும் கருதத்தக்கவை. அணுக்கள் உருவாவதில் குறையா, உருவானவை அழிவதா என்பதை ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பிரித்துக் காட்டும். மஜ்ஜை உயிர்ப்போடு ஈடுகட்ட முயன்றால் அவை பெருகும், மஜ்ஜையே முடங்கியிருந்தால் குறையும்.

எண்ணிக்கை உயர்வது எப்போதும் வலிமையின் அறிகுறி அன்று. வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1889இல் பெருவின் ஆண்டஸ் மலையில், 4,000 மீட்டருக்கும் மேலுள்ள மொரோகோச்சா என்ற சுரங்க ஊருக்குச் சென்று தம் இரத்தத்தையே எண்ணிப் பார்த்தபோது, 50 லட்சமாக இருந்தது சில வாரங்களில் 70 லட்சத்தைக் கடந்திருந்தது. காற்றில் உயிர்வளி குறைந்ததற்கு உடல் அளித்த பதில் அது. புகைபிடிப்பவரிடமும், நாள்பட்ட நுரையீரல் நோயாளியிடமும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவரிடமும் இதே பதில் சமவெளியிலேயே நிகழ்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வோரிடமும் எண்ணிக்கை உயர்கிறது. எந்தத் தூண்டலும் இன்றி மஜ்ஜை தானாகவே அணுக்களைப் பெருக்கும் நோய்க்குப் பாலிசைத்தீமியா வேரா என்று பெயர்; அந்நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம், 2005இல் கண்டறியப்பட்ட ஜே.ஏ.கே.2 மரபணு மாற்றம் காணப்படுகிறது. குளித்தபின் உடலெங்கும் அரிப்பு என்பது இதன் விந்தையான அறிகுறிகளுள் ஒன்று. இரத்தம் தடித்துக் குழாய்களில் உறைந்துவிடும் அபாயம் இருப்பதால், அவ்வப்போது இரத்தத்தை வெளியேற்றி ஹீமேட்டோகிரிட்டை 45 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதே இதன் அடிப்படைச் சிகிச்சை.

கருவியும் பொய் சொல்வதுண்டு. சிலருடைய இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள், மாதிரி குளிர்ந்ததும் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. ஒட்டிய கொத்தைக் கருவி ஒரே பெரிய அணுவாக எண்ணுவதால் எண்ணிக்கை கீழே விழுகிறது, பருமன் வானளாவுகிறது, எம்.சி.எச்.சி. இயல்பில் சாத்தியமில்லாத அளவுக்கு உயர்கிறது. மாதிரியை 37 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி மறுபடி ஓட்டினால் எண்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலிருந்தே இரத்தம் எடுத்தால் எல்லா எண்ணிக்கைகளும் நீர்த்துப்போய் வரும். நோயாளியின் நிலைக்கும் அறிக்கைக்கும் சற்றும் பொருத்தமில்லாதபோது, சிகிச்சையைத் தொடங்குமுன் மாதிரியை மீண்டும் எடுப்பதே முறை.

இரத்தம் ஊறும் என்று நம்பிப் பீட்ரூட்டும் மாதுளையும் தேடுவோர் நம்மிடையே மிகுதி. இவ்விரண்டிலும் இரும்பு குறைவாகவே உள்ளது, நிறத்துக்கும் சிவப்பணுவுக்கும் எத்தொடர்பும் இல்லை. உண்மையான இரும்புக் குறைபாட்டுக்கு மாத்திரையைத் தொடங்கினால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமேனும் உயரும். இயல்பு நிலை எட்டிய பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் அளவில் மாத்திரை தொடர வேண்டும். ஒழுங்காக விழுங்கியும் ஒரு மாதத்தில் அந்த உயர்வு காணப்படாவிட்டால், வாசகர் செய்யத்தக்கது, மருந்துக்கு முன் எடுத்த முதல் அறிக்கையை மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அதிலுள்ள சிவப்பணு எண்ணிக்கையையும் பருமனையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்பதாகும்.